ஆர்1ஏ என்பது குலச் சான்றிதழ் அல்ல

அந்த மரபணுப் பரிசோதனை முடிவின் படத்தை இதற்குள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வங்காளப் பிராமணரான முகோபாத்யாயக் குடும்பத்து அன்பர் ஒருவருக்கு, ஒய் குரோமோசோமை வைத்துச் சொல்லப்படும் தந்தைவழி மரபணுக் குழு ஆர்1ஏ என்று வந்துவிட்டதாம். ஆகவே வங்காளத்துப் பழங்கதை மன்னன் ஆதிசூரன் வடஇந்தியாவின் கன்னோஜிலிருந்து வரவழைத்ததாகச் சொல்லப்படும் ஐந்து பிராமணர்களில் ஒருவரின் நேர்வாரிசு அவர் என்பது அறிவியல்படியே உறுதியாகிவிட்டதாம். பணிவாகத்தான் மறுத்து எழுதினேன். பின்னூட்டத்தை நீக்கிவிட்டார்கள்.

ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் பெரிய மாற்றமின்றிப் போகிறது. பத்துத் தலைமுறை பின்னே போனால் நம் வம்சத்தில் மூதாதையருக்கு 1,024 இடங்கள் இருக்கும். அந்த அறிக்கை பேசுவது அவற்றில் ஒரே ஓர் ஆணைப் பற்றி. போகட்டும், அந்த ஒருவராவது கன்னோஜ்காரரா? இந்தியாவில் பரவலாக உள்ள ஆர்1ஏ-இசட்93 கிளை 4,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. கன்னோஜ் கதையோ எவ்வளவு இழுத்தாலும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளைத் தாண்டாது. ஆந்திரத்துச் செஞ்சுப் பழங்குடியினரிடமும் ஆர்1ஏ இருக்கிறது. அவர்களையும் ஆதிசூரன்தான் அழைத்து வந்தானா?

‘2009ஆம் ஆண்டு ஆய்வில் மேற்கு வங்கப் பிராமணர்களில் 72 விழுக்காட்டினருக்கு ஆர்1ஏ-வின் கிளையான ஆர்1ஏ1 இருந்ததே’ என்பார்கள். இருந்தது. சோதிக்கப்பட்டவர்கள் 18 பேர். அதில் ஆர்1ஏ1 வராதவர்களைக் குலத்தைவிட்டுத் தள்ளிவைக்கப் போகிறீர்களா?

இன்றைய வங்கதேசத்துப் பரிசாலிலிருந்து வந்த, வங்காளப் பிராமணரில் உயர்படி எனப்படும் குலீனக் குடும்பம் என் மாமனாருடையது. ஆசைப்பட்டுச் சோதித்துக்கொண்ட என் மைத்துனருக்கு, சந்தால், முண்டா பழங்குடி மக்களிடம் மிகுதியாகக் காணப்படும் ஓ-எம்95 என்ற தந்தைவழிக் குழு வந்தது. மாமனார் அந்தத் தாளை இரண்டுமுறை படித்தார், பஞ்சாங்கத்துக்குள் செருகினார், ‘எச்சில் குழாய் மாறிப்போயிருக்கும்’ என்றார். அவருடைய கோத்திரம் அன்றும் காசியபம், இன்றும் காசியபம்.

1891இல் ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி வங்காளத்து மூக்குகளின் அளவை வைத்துச் சாதிகளை வரிசைப்படுத்தி நூல் போட்டார். அவரை இன்றும் திட்டித் தீர்ப்பவர்கள்தாம், காசு கொடுத்து எச்சிலை அனுப்பிவிட்டு அதே வரிசையில் முதலிடம் கேட்கிறார்கள்.

‘தமிழனுக்கு வங்காளிகளின் குலத்தில் என்ன வேலை?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். கொல்கத்தாவில் பெண்ணெடுத்து, அங்கேயே வாழ்ந்து, மகளை வங்காளப் பள்ளிக்கு அனுப்புகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? சரி, நான் அந்நியனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். என் மனைவி? பரிசால் சமையலையும் பேச்சையும் இன்றுவரை வீட்டில் காப்பாற்றி வருபவள் அவள்தான். அவளுக்கு ஒய் குரோமோசோமே கிடையாது. அவளுடைய தாய்க்கும் கிடையாது. உங்கள் வம்சக் கணக்கில் இவர்களை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஐயா?