ஞானத்தை ஸ்கேன் பண்ணிக் காட்ட முடியுமா?

வெசாக் நெருங்கினாலும் சரி, சிவராத்திரி வந்தாலும் சரி, கொழும்பு வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும்: "ஞானியின் மூளையை விஞ்ஞானிகள் படம் பிடித்துவிட்டார்கள்." சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மூளைப் படமும் கூடவே வரும். இதைப் பகிர்பவர்கள் தியானத்தை மதிப்பவர்கள். நானும் மதிக்கிறேன். அதனால்தான் இது மனதை உறுத்துகிறது.

இந்தப் பேச்சில் அதிகம் அடிபடுவது 2004இல் அன்டோயின் லூட்ஸ், ரிச்சர்ட் டேவிட்சன் குழு வெளியிட்ட ஆய்வு. திபெத்திய பௌத்த மரபில் 10,000 முதல் 50,000 மணித்தியாலம் வரை தியானம் செய்த 8 பேரையும், புதிதாகப் பழகிய 10 மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் பழகியவர்களிடம் விநாடிக்கு 25 முதல் 42 தடவை (ஹேர்ட்ஸ்) துடிக்கும், காமா எனப்படும் வேகமான மூளை மின் அலை மிக வலுவாக இருந்தது. முக்கியமான ஆய்வுதான். ஆனால் ஞானத்தை அளந்ததாக அவர்கள் சொல்லவில்லை. பயிற்சியால் அப்படி ஆனார்களா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் அவ்வளவு காலம் உட்கார்ந்தார்களா என்பதை 8 பேரை ஒரு தடவை அளந்து சொல்லவும் முடியாது.

காமா அலையில் இன்னொரு சிக்கல். மூளையின் மின் அலையைப் பதியும் ஈ.ஈ.ஜி. கருவி மண்டைத் தோலில் பிடிப்பது மைக்ரோவோல்ட் கணக்கிலான மின்சாரம். தாடையை இலேசாக இறுக்கினாலே அதைவிடப் பெரிய தசை மின்சாரம் அதில் கலந்துவிடும். 2007இல் அவுஸ்திரேலியாவில் தன்னார்வலர்களின் தசைகளை மருந்தால் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து பதிவெடுத்தார்கள். 20 ஹேர்ட்ஸுக்கு மேல் வழக்கமாகத் தெரியும் மின்சாரத்தில் பெரும்பகுதி தசையிலிருந்து வருவது அப்போது தெளிவானது. அதனால் ஒழுங்கான ஆய்வுகூடத்தில் முதலில் தாடையை இறுக்கச் சொல்லி, நெற்றியைச் சுருக்கச் சொல்லி, கண் சிமிட்டச் சொல்லித் தனித்தனியே பதிவெடுத்து வைப்பார்கள். தியானப் பதிவில் அதே சாயல் தெரிந்தால் அந்தப் பகுதியைக் கழித்துவிட வேண்டும்.

தலையில் மாட்டும் சிறு பட்டியைக் கொண்டு "உங்கள் அல்ஃபா ஏறிவிட்டது" என்று காட்டும் வகுப்புகளிலும் கவனம் தேவை. கண்ணை மூடினாலே பெரும்பாலானோருக்குச் சில விநாடிகளில் அல்ஃபா எனப்படும் இந்த 8 முதல் 13 ஹேர்ட்ஸ் மூளை அலை கூடும். கண் திறந்திருந்தபோது எடுத்ததோடு, கண் மூடித் தியானித்தபோது எடுத்ததை ஒப்பிட்டால் வித்தியாசம் வராமல் இருக்குமா? கண் மூடிச் சும்மா இருந்த பத்து நிமிடத்தோடு, கண் மூடித் தியானித்த பத்து நிமிடத்தை ஒப்பிடுங்கள். மறுநாள் வரிசையை மாற்றி எடுங்கள்.

விஞ்ஞானம் இங்கே அருமையாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு, பொய்யைக் களைவது. இதயத்தை நிறுத்துவதாகச் சொன்ன யோகிகளை வெங்கர், பாக்சி, ஆனந்த் மூவரும் இந்தியாவில் சோதித்து 1961இல் எழுதினார்கள். மூச்சை அடக்கி வயிற்றையும் நெஞ்சையும் முக்கி இறுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும். இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். மணிக்கட்டில் நாடி தட்டுப்படாது. ஸ்டெதஸ்கோப்பில் இதய ஒலியும் அமுங்கிவிடும். தொட்டுப் பார்ப்பவர் நின்றுவிட்டது என்றே நம்புவார். ஈ.சி.ஜி. தாளில் மட்டும் துடிப்பு வந்துகொண்டே இருந்தது. அதேபோல, மருத்துவர் இறந்ததாக அறிவித்த பிறகும் தியானத்தில் இருப்பதாக நம்பப்பட்ட 13 திபெத்தியத் தியானிகளைப் பற்றி 2021இல் ஆய்வு வந்தது. மூளை மின்சாரம் எதுவும் பதிவாகவில்லை.

சரி, உண்மையான ஞானி? இங்கேதான் கேள்வியே பிழையாகிறது. இலங்கையின் தேரவாத பௌத்தத்தில் மனதைக் கட்டும் பத்து சங்யோஜனங்கள், அதாவது தளைகள்; முதல் மூன்றும் அறுந்தவர் ஞானத்தின் முதற்படியை எட்டிய சோதாபன்னர், பத்தும் அறுந்தவர் முழு விடுதலை பெற்ற அரஹத். சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை ஆகிய உயிரைப் பிணைக்கும் மும்மலப் பிடி நீங்குவது. இரண்டு மரபும் பேசுவது ஒரு மனிதரில் ஏதோ ஒன்று மீளாமல் அற்றுப்போவதை. கருவி காட்டுவது அந்த அரை மணித்தியாலத்து நிலையை. கோபம் இப்போது இல்லை என்று காட்டலாம், இனி ஒருபோதும் எழாது என்பதை எந்த ஸ்கேன் காட்டும்?

யாரைக் கொண்டுவந்து அளப்பது என்பதும் சிக்கல். தன்னிடம் இல்லாத உயர்நிலையை உண்டென்று தெரிந்தே சொல்லும் பிக்குவுக்கு, துறவு விதிகளில் மிகக் கடுமையான பாராஜிகா குற்றம். அத்தோடு பிக்கு நிலை போய்விடும். உண்மையாகவே அடைந்திருந்தாலும் உபசம்பதா என்ற முழுத் துறவுத் தீட்சை பெறாதவரிடம் அதைச் சொல்வது குற்றம். நம் சைவப் பக்கமோ "கண்டவர் விண்டிலர்", கண்டவர் வாய் திறந்து சொல்வதில்லை. ஆக, "நான் அடைந்தவன்" என்று படிவத்தில் கையெழுத்திட்டு வருபவர்களே ஆய்வு மாதிரியாகக் கிடைப்பார்கள். எண்ணிக்கையைக் கூட்டினாலும் இந்தச் சாய்வு போகாது.

2023இல் வந்த ஓர் ஆய்வு இதையெல்லாம் மீறி நேர்மையாக ஓரடி எடுத்து வைத்தது. உணர்வு அற்றுப்போகும் நிரோத கணங்கள் 37ஐ ஒரே தியானியிடம் ஈ.ஈ.ஜி.யில் பதிவுசெய்தார்கள். ஏறத்தாழ 40 விநாடி முன்பிருந்தே அல்ஃபா குறையத் தொடங்கியது. அந்தக் கணம் எதுவென்று குறித்தவர் தியானியேதான். அகத்திலிருந்து வந்த அந்தச் சாட்சியம் இல்லாவிட்டால், அல்ஃபா ஏன் குறைகிறது என்று அந்தக் கோட்டைப் பார்த்து யாரும் சொல்லமாட்டார்கள்.

என் கருத்தில் செய்யத்தக்கது இது. பயிற்சி தொடங்கும் முன்பே ஆட்களைச் சேர்த்து, எதை அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிப் பதிவுசெய்து, பத்து வருடமாவது தொடர வேண்டும். மருத்துவ பீடமும் பன்சலையும் (பௌத்த விகாரை) சைவ மடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கொழும்பில் இதற்கு வசதி உண்டு. மூளைப் பதிவோடு, கூட வாழ்பவர்களையும் வருடாவருடம் தனியே விசாரிக்க வேண்டும்: காசு விஷயத்தில் எப்படி, அவமதித்தால் எப்படி, நோயில் படுத்தால் எப்படி. கேள்வி கேட்பவருக்கு, ஆய்வில் இருப்பவர் தியானம் செய்தவரா இல்லையா என்று தெரியக்கூடாது.