விக்ஸ்லி தளத்திலிருந்து தாத்தா குண்டு வீசப் போனாரா?

"தாத்தாவின் பணிப்பதிவில் விக்ஸ்லி என்று இருக்கிறது, எனவே அங்கிருந்துதான் ஜெர்மனி மீது குண்டு வீசினார்" என்று, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த தன் தாத்தாவைப் பற்றி ஒருவர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். இது தவறான முடிவு. 1943-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரிலுள்ள விக்ஸ்லி, 1654-ஆம் கனரக மாற்றுப் பயிற்சிப் பிரிவின் தளம். இரட்டை எஞ்சின் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தில் பழகிய ஐவர் குழுவுடன் விமானப் பொறியாளரும் இன்னொரு துப்பாக்கி வீரரும் சேர்ந்து, எழுவராக நான்கு எஞ்சின் விமானத்தைக் கற்றுக்கொண்டது இத்தகைய பிரிவுகளில்தான்.

தாத்தாவின் பறப்புக் குறிப்பேட்டில் பணி, குறிப்புகள் என்ற பத்திகளைப் பாருங்கள். வட்டமிட்டுத் தரையிறங்குதல், நெடுந்தூரப் பயணம் என்றிருந்தால் அது பயிற்சி. "ஆப்ஸ்" (போர்ப் பறப்பு) என்ற சொல்லும் இலக்கு நகரின் பெயரும் இருந்தால்தான் தாக்குதல். 1942 மே மாதம் ஜெர்மனியின் கொலோன் நகர் மீது நடந்த தாக்குதலில் பயிற்சிப் பிரிவுகளும் பறந்தது உண்மை. ஆனால் அதை வைத்து எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது.

அடுத்து அவர் எந்த ஸ்குவாட்ரனுக்கு (போரில் பறக்கும் விமானப் படைப்பிரிவு) போனார் என்று பாருங்கள். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்குவாட்ரன்களின் செயல்பாட்டுப் பதிவேடுகளான ஏஐஆர் 27 தொகுப்பின் படிவம் 541, எந்த விமானத்தில் யார் யார் ஏறினார்கள், எப்போது கிளம்பினார்கள், எப்போது திரும்பினார்கள் என்று காட்டும்.

பயிற்சி என்றதும் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பயிற்சியின்போதே 5,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.