ஈசாக்கு என்றால் மகிழ்ச்சியா?

போன வாரம் உறவில் ஒரு ஞானஸ்நான விருந்து. பையனுக்கு ஈசாக்கு என்று பெயர். அழைப்பிதழிலேயே பக்கத்தில் 'மகிழ்ச்சி' என்று அர்த்தமும் போட்டிருந்தார்கள். பிரியாணி முன்னால் இருக்கும்போது இலக்கணம் பேசினால் அடி விழும் என்று சும்மா இருந்துவிட்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரெயத்தில் அது யிட்ஸ்ஹாக். வடிவத்தில் ஒரு வினைச்சொல்: 'சிரிக்கிறான்', 'சிரிப்பான்'. மகிழ்ச்சிக்கு அந்த மொழியில் சிம்ஹா என்று தனிச்சொல் உண்டு.

சரி, என்ன சிரிப்பு அது? வேதாகமத்தில் ஈசாக்கின் பெற்றோர் ஆபிரகாமும் சாராளும். முதிர்ந்த வயதில் உங்களுக்கு ஒரு மகன் பிறப்பான் என்கிறார் தேவன். நூறு வயதில் எனக்குப் பிள்ளையா, தொண்ணூறில் சாராள் பெறுவாளா என்று ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார். அப்புறம் மம்ரே என்ற இடத்தில், பிள்ளை பிறக்கும் என்று விருந்தாளிகள் சொல்வதைக் கூடார வாசலில் நின்று கேட்கும் சாராள் மனதுக்குள்ளேயே சிரிக்கிறாள். மாட்டிக்கொண்டதும் பயந்துபோய், நான் நகைக்கவில்லை என்கிறாள். "இல்லை, நீ நகைத்தாய்" என்று தேவனிடமிருந்து பதில் வருகிறது. நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்ற தொல்காப்பியம் முதலில் வைத்தது எள்ளலை. சாராளின் சிரிப்பு அந்த வகைதான். பிள்ளை பிறந்த பிறகுதான் அது வேறு சிரிப்பாகிறது: தேவன் என்னை நகைக்கப்பண்ணினார் என்கிறாள்.

சிரியாவின் உகாரித்தில் கிடைத்த களிமண் பலகைகளில் ஏல் என்ற தெய்வம் சிரிப்பதற்கும் இதே வேர்ச்சொல்தான். அதனால் 'ஏல் சிரிக்கிறார்' என்ற பெயரின் சுருக்கமாக இருக்கலாம் என்பார்கள் ஆய்வாளர்கள் சிலர். இஸ்மவேல், இஸ்ரவேல் எல்லாம் ஏலில் முடிவதைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் கதை சொன்னவருக்குச் சாராளின் சிரிப்புதான் வேண்டியிருந்தது, எனக்கும்.

தமிழில் நாம் இழந்தது ஒன்று உண்டு. சாராள் நகைத்தாள், ஆபிரகாமின் மூத்த மகன் இஸ்மவேல் பரியாசம் பண்ணினான், ஈசாக்கு மனைவியோடு விளையாடினான் என்று நம் வேதாகமத்தில் மூன்று சொற்கள். எபிரெயத்தில் மூன்றும் ஒரே வேர். ஒவ்வொரு தடவையும் பையனின் பெயர் காதில் விழும்.

அந்த மூன்றாவது இடம் கேரார் என்ற ஊரில். உயிருக்குப் பயந்து மனைவி ரெபெக்காளைத் தங்கை என்று சொல்லி வைத்திருக்கிறான் ஈசாக்கு. ராஜா அபிமெலேக்கு ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். இவன் அவளோடு 'யிட்ஸ்ஹாக்' வேலையில் இருக்கிறான். பொய் அங்கேயே உடைந்தது.