ஹைட்டி: பேச விட்டார்கள், முடிவெடுக்க விடவில்லை

பாதிக்கப்பட்ட மக்களின் குரலுக்கே முதலிடம் என்று சொல்லாத உதவி நிறுவனம் இன்றைக்குக் கிடையாது. மாநாடு நடத்தினால் அந்த நாட்டிலிருந்து ஒருவரை அழைத்து வந்து மேடையில் உட்கார வைக்கிறார்கள். அவர் பட்ட பாட்டைச் சொல்கிறார், அரங்கம் கைதட்டுகிறது. அப்புறம் பணம் எங்கே போக வேண்டும் என்பதை வேறு ஆட்கள் வேறு அறையில் பேசி முடிக்கிறார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. 2010-க்குப் பிறகு கரீபியன் நாடான ஹைட்டியில் நடந்ததைப் படித்துப் பார்த்தால் யாருக்கும் இந்த எரிச்சல்தான் வரும்.

அந்த ஆண்டு ஜனவரி 12-ம் தேதி நிலநடுக்கத்தில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கியது. குடிநீர், கூடாரம், மருத்துவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. வளாகத்தில் நடந்தன. வாசலில் காவல், உள்ளே போக அடையாள அட்டை, பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். நாட்டில் எல்லோரும் பேசுவது கிரியோல். தன் தெருவில் எத்தனை குடும்பம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது என்று தெரிந்த ஆள் வெளியே நிற்க, போன வாரம் வந்து இறங்கியவர் உள்ளே வரைபடம் காட்டிக்கொண்டிருந்தார்.

சரி, சாதாரண மக்களைத்தான் விட்டுவிட்டார்கள் என்று பார்த்தால், மேல்மட்டத்திலும் அதே கதை. மறுகட்டுமானத்துக்கு ஓர் இடைக்கால ஆணையம் அமைத்தார்கள். முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனும் அப்போதைய ஹைட்டி பிரதமர் பெல்ரீவும் இணைத் தலைவர்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஆணையத்தின் ஹைட்டி உறுப்பினர்கள், எங்களுக்கு எதுவும் தெரிவிப்பதில்லை, ஒப்புக்குத்தான் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்திலேயே புகார் கொடுத்தார்கள். இவர்கள் அந்நாட்டின் பெரிய மனிதர்கள். அவர்களுக்கே இந்தக் கதி.

என் மனதை விட்டுப் போகாதது காலரா விவகாரம். மிரபலே நகருக்குப் பக்கத்தில் மேய் என்று ஒரு சிற்றூர். அங்கே ஐ.நா. அமைதிப்படையின் நேபாள முகாம் இருந்தது. முகாமின் கழிவு கீழே ஓடும் ஓடையில் கலந்தது. ஓடை போய்ச் சேர்வது ஆர்த்திபோனித் ஆற்றில். அந்த ஆற்றுத் தண்ணீரில்தான் ஜனங்கள் குளித்தார்கள், துவைத்தார்கள், வயலுக்குப் பாய்ச்சினார்கள், குடிக்கவும் செய்தார்கள். 2010 அக்டோபரில் கொத்துக் கொத்தாகச் சாகத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் உடனே முகாமைக் கைகாட்டினார்கள். நாற்றம் அடிக்கிறது, குழாய் கசிகிறது என்று வந்த நிருபர்களிடமெல்லாம் சொன்னார்கள்.

ஐ.நா. சொன்ன பதில், எங்கள் செப்டிக் டேங்க் எல்லாம் விதிப்படிதான் இருக்கிறது என்பது. பிரெஞ்சு நோய்ப்பரவல் நிபுணர் ரெனோ பியாரூ போய் ஆராய்ந்து, ஊர்க்காரர்கள் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தார். அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. 2011-ல் மாரியோ ஜோசப் என்ற ஹைட்டி வழக்கறிஞரின் அலுவலகம் முன்நின்று சுமார் 5,000 பேரின் இழப்பீட்டு மனுக்களை ஐ.நா.விடம் கொடுத்தது. ஹைட்டி அரசோடு போட்ட ஒப்பந்தப்படி இப்படிப்பட்ட மனுக்களை விசாரிக்க ஒரு குழு அமைத்திருக்க வேண்டும். அமைக்கவே இல்லை. மனுக்களை ஏற்க முடியாது என்று 2013-ல் பதில் வந்தது. நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள், ஐ.நா.வுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று அங்கேயும் கதவு மூடியது. கடைசியில் 2016 டிசம்பரில் அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார், முதலில் கிரியோல் மொழியிலேயே. அதற்குள் 10,000 பேர் அளவில் இறந்துவிட்டார்கள், 8 லட்சம் பேரை நோய் பிடித்திருந்தது. 40 கோடி டாலரில் திட்டம் அறிவித்தார்கள், வந்து சேர்ந்தது அதில் சிறு துளி.

இவர்களுக்குக் குரல் இல்லையென்று யார் சொல்ல முடியும்? முதல் வாரத்திலிருந்தே பேசினார்கள், சொன்னதும் உண்மை. அதைக் கேட்டு விசாரித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம்தான் எதிர்த்தரப்பில் யாருக்கும் இல்லை. இதே அமைதிப்படையிலிருந்து 2007-ல் இலங்கைப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாலியல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பாதிக்கப்பட்டவர்களில் சிறுவர் சிறுமியரும் உண்டு. அங்கேயும் ஹைட்டி நீதிமன்றத்தால் அந்தப் படையினர்மேல் கை வைக்க முடியவில்லை.

கட்டாயம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஹைட்டியிலேயே உதாரணம் இருக்கிறது. வடக்கே கராகோல் என்ற இடத்தில், நிலநடுக்கம் அதிகம் தொடாத பகுதியில், மறுகட்டுமானத்தின் பெயரில் தொழிற்பூங்கா கட்டினார்கள். பணம் அமெரிக்க அரசும் அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கியும் கொடுத்தது. விளைந்துகொண்டிருந்த நிலத்தைச் சுற்றி 2011 ஜனவரியில் வேலி போட்டு, ஏறக்குறைய 400 விவசாயக் குடும்பங்களை வெளியே தள்ளினார்கள். அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். அந்த வங்கிக்குள்ளேயே குறைகேட்கும் அமைப்பு ஒன்று உண்டு, புகார் வந்தால் எடுத்தாக வேண்டும். 2017-ல் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2018 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது: நிலம், வேலை, விவசாயக் கருவிகள். தாமதம்தான், இழந்தது முழுதும் திரும்பியதாகச் சொல்லவும் மாட்டேன். ஆனாலும் எதிரே உட்கார்ந்து பேரம் பேசியது அந்த விவசாயிகள்தான்.

அங்கே அரசாங்கமே ஊழல், பணத்தை யாரை நம்பிக் கொடுப்பது என்று உடனே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதை நம்மைவிட உரக்கக் கேட்டவர்கள் ஹைட்டி இளைஞர்கள். வெனிசுவேலா மலிவாகக் கொடுத்த எண்ணெயில் மிஞ்சிய பெட்ரோகரிபே பணம் எங்கே என்று ஓர் அட்டையில் எழுதிப் பிடித்த படம் 2018 ஆகஸ்டில் சமூக ஊடகத்தில் பரவி, ஊர் ஊராகப் பேரணி கிளம்பியது. சொந்த அரசிடமே கணக்குக் கேட்கத் தெரிந்தவர்கள் உதவிப் பணத்துக்குக் கணக்குப் பார்க்க மாட்டார்களா?

அதனால் குரலைக் கொண்டுவருகிறோம் என்று யாராவது சொன்னால் நான் பார்ப்பது மூன்று விஷயம்தான். கூட்டம் கிரியோலில் நடக்கிறதா, வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் திட்டம் நிற்குமா, கெடுதல் நடந்தால் புகாரை எடுத்தே ஆக வேண்டிய இடம் இருக்கிறதா.

2023 அக்டோபரில் பாதுகாப்புச் சபை ஹைட்டிக்கு மறுபடியும் ஒரு பன்னாட்டுப் படைக்கு அனுமதி கொடுத்தது, இந்த முறை கென்யா தலைமையில். அந்தத் தீர்மானத்தில் படையின் கழிவுநீரைச் சரியாகக் கையாள வேண்டும், தண்ணீர் வழி நோய் பரவக் கூடாது என்று ஒரு பகுதி இருக்கிறது. மேய் ஊர்க்காரர்கள் வருடக்கணக்காகக் கத்தியதால் வந்தது அது. அவர்களின் இழப்பீடு மட்டும் இன்னும் பாக்கி.