துணைவேந்தர் தன் சொல்லில் பேசட்டும்

துணைவேந்தர்கள் மேடையில் என்ன பேசுகிறார்கள், தங்கள் பெயரில் என்ன எழுதுகிறார்கள் என்பதை நாம் யாரும் கவனிப்பதில்லை. யாரை நியமித்தார்கள், யார் நியமிக்க வேண்டும், ஆளுநரா அரசா என்று வருடக்கணக்காகச் சண்டை நடக்கிறது. இடையில் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தரே இல்லாமல் பொறுப்புக் குழுவை வைத்து ஓடின. அந்தச் சண்டை முக்கியம்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்புறம் நம்மிடம் என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கடலூர்க்காரர்கள் கேட்டே ஆக வேண்டும். 2021-க்குப் பிறகு நம் மாவட்டக் கல்லூரிகள் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தை விட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்துவிட்டன. பெரியார் கலைக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கும் இப்போது சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் அந்த நாற்காலியில் உட்காருபவர்தான் துணைவேந்தர்.

அந்த நாற்காலியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1929-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகம். 1935 முதல் 1940 வரை அங்கே துணைவேந்தராக இருந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர், பிற்பாடு தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகப் போனார். அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்டு வெள்ளைக்காரர்களே ‘வெள்ளி நாக்கு’ என்றார்கள். காந்தியின் சுயசரிதை ஆங்கிலத்தில் வந்தபோது, பெயரைச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு அதைத் திருத்திக் கொடுத்தவர் அவர்தான் என்பார்கள்.

அதே சாஸ்திரியாரைத் தமிழறிஞர்கள் சும்மா விடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1940-ஐ ஒட்டி, பாடநூல்களுக்கு அறிவியல் கலைச்சொற்களை முடிவு செய்ய அவர் தலைமையில் சென்னை மாகாண அரசு ஒரு குழு போட்டது. வடமொழிச் சொற்களையே அந்தக் குழு தூக்கிப் பிடிக்கிறது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. என் சாய்வு எதிர்த்தவர்கள் பக்கம்தான். இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மனிதருக்கு ஒரு நிலைப்பாடு இருந்தது, அது அவர் வாயிலிருந்தே வந்தது, அதனால் எதிர்த்து நிற்கவும் வாதாடவும் முடிந்தது.

இன்று எதை எதிர்ப்பது? நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன், அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கணினியில் வடிவமைப்பதுதான் வேலை. கருத்தரங்க மலர், ஆண்டு மலர் எல்லாம் எங்களைப் போன்றவர்கள் கையில்தான் பக்கமாகின்றன. முதல் சில பக்கங்கள் எப்போதும் வாழ்த்துரைக்கு. ஒரு முறை ஒரு துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து வந்த வாழ்த்துரையைத் திறந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். முத்திரை போட்ட தாள், பச்சை மையில் கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தன. முதல் பத்தியில் எங்கள் வாடிக்கையாளர் கல்லூரியின் வேதியியல் கருத்தரங்குக்கு வாழ்த்து. மூன்றாம் பத்தியில் வேறொரு கல்லூரியின் பெயர், “வணிகவியல் துறையின் இப்பெருமுயற்சி”. கல்லூரிப் பேராசிரியருக்கு போன் போட்டேன். “பேரை மட்டும் மாத்தி வச்சிடுங்க சார், திருப்பி அனுப்பினா தப்பா எடுத்துக்குவாங்க” என்றார். அப்படியே அச்சாகி, மேடையில் வெளியீடும் நடந்தது.

அந்தப் பேராசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பயம் நியாயமானது. ஒரு வருடம் உழைத்து மாணவர்கள் நடத்திய கருத்தரங்கு அது. அதைப் பற்றி நான்கு வரி யோசித்து எழுத மேலே யாருக்கும் நேரமில்லை என்பதுதான் வலிக்கிறது.

பட்டமளிப்பு விழா இன்னொன்று. அக்கா மகள் முதுகலைப் பட்டம் வாங்கிய நாளில் அக்காவோடு நானும் போயிருந்தேன். அக்கா சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். எங்கள் குடும்பத்தில் முதுகலை வரை போன முதல் பிள்ளை அவள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பி, பின்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். துணைவேந்தர் ஆண்டறிக்கையை ஆங்கிலத்தில் படித்தார். தரவரிசை, நாக் (NAAC) தர மதிப்பீடு, எத்தனை கட்டுரைகள், எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். தலை நிமிரவே இல்லை. “என்னடா தம்பி சொல்றாரு?” என்று அக்கா காதோரம் கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன். “நம்ம புள்ளைங்களப் பத்தி எப்ப சொல்லுவாரு?” என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் மேடையைப் பார்க்க ஆரம்பித்தார். கடைசி வரை அந்தப் பேச்சு வரவில்லை.

ஆங்கிலம் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளிமாநில மாணவர்கள் இருப்பார்கள், சிறப்பு விருந்தினருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அரங்கின் பாதியில் பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை நேராகப் பார்த்துப் பத்து நிமிடம் தமிழில் பேசினால் விழாவின் மதிப்பு குறைந்துவிடாது.

சொல்வதற்கு விஷயம் இல்லாமலா இருக்கிறது? பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, பிச்சாவரம் பக்கத்தில் அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று அங்கிருந்த ஆய்வாளர்கள் 2005-ல் எழுதினார்கள். காடு மட்டும்தான் காரணமா, ஊர் இருந்த தூரமும் மேடும் காரணமா என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் மறுத்து எழுதினார்கள். உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்ட விவாதம் இது. நடந்த இடம் நம் வீட்டு வாசல். தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற கடற்கரை ஊர்களில் ஒரு துணைவேந்தர் வந்து நின்று, “எங்கள் ஆட்கள் இதைக் கண்டுபிடித்தார்கள், இதில் இன்னும் தெரியாதது இது” என்று பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி குடிகாடு பக்கம் நிலத்தடி நீர் என்ன ஆனது, 2011 தானே புயலில் சாய்ந்த பலாவும் முந்திரியும் இந்த மண்ணில் எப்படி மீண்டன, இதையெல்லாம் ஆராய்ந்து சொல்லக்கூடியவர்கள் அந்த வளாகத்தில் இருக்கிறார்கள். வேளாண் துறையே அங்கே இருக்கிறது. ஊருக்கு அதை எடுத்துச் சொல்ல ஒரு குரல் வேண்டும், அது துணைவேந்தரின் குரலாக இருக்க வேண்டும்.

நிர்வாகச் சுமையில் எழுத நேரம் ஏது என்பார்கள். நெ.து. சுந்தரவடிவேலு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்துக்கு அதிகாரிகள் பக்கத்தில் தோள் கொடுத்தவர். ‘நினைவு அலைகள்’ என்று தன் வாழ்க்கையைப் பல பாகங்களாக எழுதி வைத்துவிட்டுப் போனார். மு.வ. மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானபோது தமிழ்நாட்டில் படிக்கத் தெரிந்த வீடுகளில் பாதி அவர் எழுத்தை அறிந்திருந்தது. வ.சுப. மாணிக்கனார் அண்ணாமலைநகரில் வளர்ந்த தமிழறிஞர், மதுரைக்குத் துணைவேந்தராகப் போனவர், தமிழ்வழிக் கல்விக்காக ஊர் ஊராகப் பேசினார். வா.செ. குழந்தைசாமி நீரியல் பொறியாளர். அண்ணா பல்கலைக்கழகத்தை நடத்திக்கொண்டே குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதினார், தமிழ் எழுத்து வடிவங்களில் சீர்திருத்தம் வேண்டும் என்று வாதாடினார். அந்தச் சீர்திருத்தத்தை ஏற்காதவர்கள் ஏராளம், நானும் ஏற்கவில்லை. ஆனால் அவர் என்ன நினைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலை இவர்களுக்கும் இருந்தது.

சொந்தமாக எழுதாத பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பக்கத்திலேயே பார்த்தோம். 2015-ல் காலாப்பட்டில், புதுவை மத்தியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அப்போதைய துணைவேந்தர் பெயரில் வந்த ஒரு புத்தகத்தில் பிறர் எழுத்து அப்படியே எடுத்தாளப்பட்டிருக்கிறது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவரைப் பொறுப்பிலிருந்து ஒதுக்கி வைக்கும் அளவுக்கு விவகாரம் போனது. ஆய்வு மாணவர் ஒருவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது எத்தனை விழுக்காடு ஒற்றுமை இருக்கிறது என்று மென்பொருளில் போட்டுப் பார்க்கிறோம். அதே அளவுகோல் மேலே இருப்பவருக்கும் உண்டு என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள்.

பெரிய செலவு எதையும் நான் கேட்கவில்லை. துணைவேந்தர் பேசும் பேச்சு முழுதாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கட்டும். இப்போது அங்கே தேடினால் பொன்னாடை போர்த்துகிற படங்கள்தான் நிறையக் கிடைக்கின்றன. உதவியாளர் எழுதிக் கொடுத்த வாழ்த்துரை என்றால் அனுப்பவே வேண்டாம், அந்தப் பக்கத்தில் மாணவர் கட்டுரை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு முறையாவது வளாகத்துக்கு வெளியே, கடலூரிலோ விருத்தாசலத்திலோ பண்ருட்டியிலோ, பொதுமக்கள் முன்னால் துணைவேந்தர் பேச வேண்டும். பேசி முடித்ததும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணாமலைநகரில் படித்தவர்கள் இதைப் படித்தால் ஓர் உதவி. பழைய பட்டமளிப்பு உரைகள் அச்சிட்ட சிறு வெளியீடுகள் உங்கள் வீட்டு அலமாரியில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். எந்த ஆண்டாக இருந்தாலும் சரி, எந்த மொழியாக இருந்தாலும் சரி, எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஸ்கேன் செய்து மூலத்தைப் பத்திரமாக உங்களிடமே திருப்பித் தருகிறேன். ஐம்பது உரைகள் சேர்ந்தால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பொதுவில் ஏற்றி, இணைப்பைத் துணைவேந்தர் அலுவலகத்துக்கும் அனுப்பி வைக்கலாம் என்றிருக்கிறேன்.