நிறத்தடையை உடைத்தவர் சாட்செல் பேஜ் அல்லர்

அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில், கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத்தடையை உடைத்தவர் கறுப்பினப் பந்துவீச்சாளர் சாட்செல் பேஜ் என்று ஒரு செய்தி சுற்றிவருகிறது. அது தவறு. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கிய ஜாக்கி ராபின்சன்தான் அதைச் செய்தார். கறுப்பினப் பந்துவீச்சாளர்களிலும் டான் பாங்க்ஹெட் அதே ஆண்டு ஆகஸ்டில் அவரை முந்திவிட்டார்.

பேஜ் கிளீவ்லேண்ட் அணிக்கு வந்தது 1948 ஜூலையில், 42 வயதில். தாமதம் அவர் குற்றமல்ல. கதவைச் சாத்திவைத்தவர்களின் குற்றம். அதுவரை கறுப்பின வீரர்களுக்கெனத் தனியாக இருந்த நீக்ரோ லீக், கியூபா, டொமினிக்கன் குடியரசு, மெக்சிகோ என ஊர் ஊராக வீசினார். முன்காலை ஊன்றிய பிறகும் கையை ஒரு கணம் நிறுத்திவைப்பார். மட்டையாளர் அவசரப்பட்டு மட்டையைச் சுழற்றிவிடுவார், பந்து அப்புறம்தான் வரும். என்ன அழகு! 1965இல், 59 வயதில், கான்சாஸ் சிட்டி அணிக்காக மூன்று இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.