24 சைஸ்

நேற்று மதியம் வாட்ஸப்பில் ஒரு செய்தி. ஆடி முடிவதற்குள் ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி விளம்பரப் படங்களை எடுத்துவிட வேண்டுமாம். “உங்க பொண்ணுக்கு 24 சைஸ் கரெக்டா இருக்குமா மேடம்?” அவளுக்கு ஆறு வயது. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அனுப்பியவருக்குத் தெரியாது, நானும் ஒரு காலத்தில் 24ஆக இருந்தவள்தான். அதற்கு முன் 22, அப்புறம் 26. 1990களின் நடுவில் சென்னை ஜவுளிக்கடை விளம்பரங்கள், பிஸ்கட், காலண்டர் என்று ஐந்து வருஷம். எங்கள் தெரு மளிகைக்கடையில் நான் பட்டுப்பாவாடையோடு ஒரு வருஷம் தொங்கினேன். பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

உடை ஒரே ஒரு சைஸில்தான் வரும். லூசாக இருந்தால் பிரச்சினையில்லை, முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துவிடுவார்கள், கேமராவுக்குத் தெரியாது. ஜிப் ஏறாவிட்டால்தான் ஆபத்து. அந்த உடை பக்கத்து நாற்காலியில் காத்திருக்கும் இன்னொரு சிறுமிக்குப் போய்விடும். அதனால் ஷூட்டிங் நாளில் அம்மா ஒரு இட்லியோடு நிறுத்திவிடுவார். “வயித்த உள்ள இழு கண்ணு” என்று யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இன்றைக்கும் யாராவது போனைத் தூக்கினால் என் வயிறு தானாக உள்ளே போய்விடுகிறது. சொந்தக் கல்யாண ஆல்பம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஏழு வயதில் முன்பல் இரண்டும் விழுந்தன. மற்ற வீடுகளில் பல்லைக் கூரைமேல் எறிவார்கள். எங்கள் வீட்டில் அம்மா டைரியைப் புரட்டினார், எந்தெந்த ஷூட்டிங் தேதி கைவிட்டுப் போகும் என்று பார்க்க. வாயை மூடிச் சிரிக்கும் பழக்கம் அப்போது வந்தது. (அம்மாவைத் திட்டிப் பின்னூட்டம் போடாதீர்கள். அந்தப் பணத்தில்தான் இரண்டு பேருக்கு ஸ்கூல் ஃபீஸ் போனது.)

பத்து வயதில் மளமளவென்று உயரம் ஏறியது. ஆள் பிடித்துக் கொடுக்கும் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம், “வளந்துட்டாளே” என்றார். துக்கம் விசாரிப்பதுபோல இருந்தது அந்தக் குரல். அதன்பிறகு யாரும் என்னைப் படம் எடுக்கவில்லை. ஆனால் ராத்திரித் தயிர்சாதத்தை நான் நிறுத்தினேன். யாரும் சொல்லாமலே. திரும்பவும் 26 ஆகிவிடலாம் என்று ஒரு நினைப்பு.

இப்போது சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். நல்ல விதிகள். எனக்கு அதெல்லாம் கிடைக்கவில்லை. வேளாவேளைக்குச் சத்தான உணவு என்றும் எழுதியிருக்கிறார்கள், அதைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அண்ணே, எங்களுக்கும் சாப்பாடு வந்தது! நெய் மிதக்கும் பொங்கலே வந்தது. சாப்பிட்டால் ஜிப் ஏறாது, அதுதான் விஷயம். மணிக்கணக்கை அதிகாரி வந்து பார்க்கலாம். “கன்னம் உப்பிடுச்சே” என்று மேக்கப் போடுபவர் சொன்னதை யார் பார்ப்பது?

நான் கேட்பது பெரிய புரட்சியெல்லாம் இல்லை. உடையை மூன்று சைஸில் கொண்டு வாருங்கள். நடத்துவது ஜவுளிக்கடைதானே, அதுகூடவா முடியாது? உடைக்குப் பிள்ளை தேடுகிற வழக்கம் போனாலே பாதிப் பிரச்சினை போய்விடும் என்பது என் எண்ணம். நிறம், பவுடர் கதையெல்லாம் இன்னொரு நாள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மகளுக்குப் பட்டுப்பாவாடை தைக்கக் கொடுத்தேன். டெய்லர் அக்கா அளவெடுத்துவிட்டு, “வளர்ற புள்ள, ரெண்டு டக் பிடிச்சுத் தைக்கிறேன். வருஷத்துக்கு ஒண்ணாப் பிரிச்சுக்கலாம்” என்றார். எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்வதுதான். எனக்கு யாரும் சொன்னதில்லை. கடையிலேயே கண் கலங்கிவிட்டது. அக்கா பயந்துபோய், “வேணாம்னா டக் இல்லாமயே தச்சுடறேம்மா” என்றார்.